ஒரே வீட்டு மீன்

அவர் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அடுப்படிக்குத்தான் போவார். வாசலில் நின்று குரல் கொடுப்பது, உட்காரச் சொன்னால் உட்காருவது, இதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. நேராக உள்ளே வந்து, அடுப்பின் மேலிருக்கும் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே கறி ஏதாவது இருந்தால் "ம், போதும்" என்பார். ஒன்றும் இல்லையென்றால் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போய்விடுவார். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், பதினான்கு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. பதினான்கு அடுப்படியிலும் இதே கதைதான்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. லயத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பெரியம்மா, வயதானவர்களுக்கு அக்கா. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் 'சட்டி இன்ஸ்பெக்டர்'.

நான் பூண்டுலோயாவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் அம்மா வீட்டில் ஒருத்தர் சட்டியை இன்னொருத்தர் தொட்டால் சண்டைதான். வந்த மூன்றாம் நாளே இந்த அம்மா என் அடுப்படிக்குள் புகுந்து மூடியைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பெரியம்மா அப்புடித்தான். ஒன்னும் நெனச்சுக்காத," என்றார்.

நினைத்துக்கொண்டேன். மறுநாள் சமைத்து முடித்ததும் சட்டியை மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். கதவுக்குப் பூட்டு கிடையாது, வெறும் கொண்டிதான். சாயந்தரம் வந்து பார்த்தால் குழவி வைத்தபடியே இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெரியம்மா வந்தார். "ஏ புள்ள, அந்தக் குழவிய இனிமே தூக்கி வெக்காத. எறக்கி ஏத்துறதுக்குள்ள எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. கத்திரிக்கா நல்லாத்தான் இருந்துச்சு, உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்," என்றார்.

அதற்குப் பிறகு நான் குழவியை அம்மியிலேயே விட்டுவிட்டேன்.

அவருக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து பல காலமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார். முழங்கால் வலி. தண்ணீர் என்றால் பயம். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற ரோட்டில் எங்கள் தோட்டத்துக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு, நாங்கள் டேம் என்றுதான் சொல்வோம். அந்த ரோட்டில் நடக்க வேண்டி வந்தால் பெரியம்மா தண்ணீர்ப் பக்கம் வரவே மாட்டார். மலைப் பக்கச் சுவரை உரசிக்கொண்டே நடப்பார். எதிரே பஸ் வந்தாலும் அந்தப் பக்கம்தான்.

எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் கையோடு திரும்பி வந்தேன். லயமே வந்து ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்கள், வயதிருக்கிறது என்றார்கள். பெரியம்மாவும் வந்தார். அன்றைக்கு அவர் அடுப்படிக்குப் போகவில்லை. பாயில் படுத்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சற்று நேரத்தில் அவர் வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்தது, மறுநாளும் வந்தது. அப்போதும் எனக்கு அவர் மேல் கோபம்தான். ஊரே பேசும்போது இந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்து நான் உண்டாகியிருந்தபோது நாட்டில் சாமான் விலையெல்லாம் தாறுமாறாக ஏறிவிட்டது. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்காரர், கடையை மூடிவிட்டார்கள் என்று பையோடு வந்து நின்றார். எங்கள் சட்டியில் பருப்பு கண்ணுக்கெட்டாத பண்டமாகிவிட்டது. ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச்சம்பலும்தான். கிளினிக்கில் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா. மீன், முட்டை, கீரை ஏதாவது சாப்பிடுறீங்களா? இப்படியே இருந்தா இந்தப் புள்ளைக்கும் கஷ்டம்," என்றார். சாப்பிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கீரை மட்டும் உண்மை.

வீட்டுக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு டேமுக்கு இறங்கத் தொடங்கினார். அப்போதெல்லாம் கரையில் மீன் பிடிக்க ஒரு தூண்டிலும் நிறையப் பொறுமையும் இருந்தால் போதும். கிடைத்த நாளில் திலாப்பியா ஒன்றோ இரண்டோ வரும். பெரியம்மா மூடியைத் தூக்கி "ம், போதும்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கும் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டம் மாறியது. ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் வைத்துச் சொன்னார்கள். இனிமேல் லைசன்ஸ் இல்லாமல் டேமில் தூண்டிலும் போடக்கூடாது, வலையும் போடக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு லைசன்ஸ்தான். சின்னக் கண் வலை கூடாது. ஆறு வந்து விழுகிற இடத்தில் மீன் முட்டையிடுகிற மாதங்களில் யாரும் இறங்கக்கூடாது. மீறினால் வலையையும் எடுப்பார்கள், ஆளையும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

சட்டம் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கொசுவலை மாதிரி வலையைப் போட்டுக் குஞ்சுகுருமானையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். கடைசிக் காம்பரா முத்துக்கருப்பண்ணன் வலையில் தப்பியது தண்ணீர் மட்டும்தான்.

லயத்திலிருந்து பதினான்கு வீடும் விண்ணப்பம் போட்டது. பெரியம்மாவும் போட்டார், அதுவும் முதல் ஆளாக. முத்துக்கருப்பண்ணன் கேட்டார், "ஏங்க அக்கா, நீங்க ரோட்டுலயே தண்ணிய பாத்து ஒதுங்கி நடக்குற ஆளு. ஒங்களுக்கு எதுக்கு லைசன்ஸு?"

"எல்லாரும் போடுறீங்க. நான் மட்டும் என்னா, இந்த லயத்துல இல்லையா?"

முத்துக்கருப்பண்ணன் தன் விண்ணப்பத்தை அவருடையதற்குக் கீழே வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து லைசன்ஸ் வந்தது. ஒன்றே ஒன்று. பெரியம்மாவின் பெயரில்.

நடந்தது இதுதான். லயத்தில் எங்கள் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, ஹட்டன். பதினான்கு வீட்டுக்கும் இதே மூன்று வரிதான். கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், போய் வாங்கிக்கொள்வோம். பிறந்ததிலிருந்து இப்படியே பழகிவிட்டதால் அதில் ஒரு கோளாறு இருக்கிறதென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மீன்பிடி ஆபீசில் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. ஒரே விலாசத்திலிருந்து பதினான்கு விண்ணப்பம்! யாரோ ஒரு பேராசை பிடித்த குடும்பம் என்று நினைத்து, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டார்கள். ஒரே வீட்டுக்காரர்கள் இப்படிப் பல பேரில் போடுவது சரியில்லை என்று கண்டித்தும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

லயமே கொதித்தது. தண்ணீரில் கால் நனைக்காத கிழவிக்கு லைசன்ஸ், கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இல்லை. நாளைக்கே ஆபீசுக்குப் போய்த் தப்பு நடந்துவிட்டதென்று சொல்லுவோம் என்று ஆண்கள் கிளம்பினார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆபீசில் இந்த ஒன்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்ப எழுதச் சொல்லி, அது வந்து சேர்வதற்குள் என் மாதம் முடிந்துவிடும்.

பெரியம்மா தன் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவின் முன்பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு அவசரப்படுறீங்க?" என்றார். "பதினாலு பேரும் ஒரே வீடுன்னு அவுங்களே சொல்லிட்டாங்க. நாம எதுக்கு இல்லேங்கணும்? ஒரே வீடா இருந்துட்டுப் போவோம்."

"ஒரே வீடுன்னா?" என்றார் முத்துக்கருப்பண்ணன்.

"ஒரே வீடுன்னா ஒரே வீடு. ஆளு மாத்தி ஆளு போயி புடிங்க. மீனு இங்க வரணும். நான் பிரிச்சுக் குடுப்பேன்."

அப்படித்தான் ஆனது. பெரிய கண் வலை ஒன்றைக் கூட்டாக வாங்கினார்கள். இரண்டு இரண்டு பேராக முறை வைத்துப் போனார்கள். மீன் பெரியம்மாவின் இஸ்தோப்பில் வந்து இறங்கும். அவர் பிரிப்பதற்குத் தராசு கிடையாது, தலைக்கணக்கு கிடையாது. காலையில் பார்த்த சட்டிதான் கணக்கு.

முத்துக்கருப்பண்ணனுக்கு ஒரு நாள் வால் துண்டு கிடைத்தது. பொங்கிவிட்டார். "புடிச்சது நானு! எனக்கு வாலு, வூட்டுல குந்தியிருக்கவனுக்கு நடுத்துண்டா?"

"ஒன் சட்டியில நேத்து கோழி கெடந்துச்சு," என்றார் பெரியம்மா, தலையை நிமிர்த்தாமலே. "காலும் கழுத்துமா கெடந்துச்சு. சொல்லவா, எங்கேருந்து வந்துச்சுன்னு?"

அண்ணன் வாலை எடுத்துக்கொண்டு நடந்தார். அவருடைய பெண்டாட்டிதான் அதிகமாகச் சிரித்தது.

நடுத்துண்டு என் சட்டிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டுமல்ல, மூன்றாம் காம்பராவில் சீக்காளிப் பிள்ளை வைத்திருந்த ரீட்டா அக்காவுக்கும். ஆனால் எனக்கு ஒரு நாளும் தவறவில்லை. "சாறையும் வுட்டுறாத. முள்ள ஒறிஞ்சிட்டுப் போடு," என்று அவரே பக்கத்தில் நின்று சொல்வார். நான் முள்ளை உறிஞ்சுவேன்.

ஒரு நாள் கடைசிக் காம்பராவிலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தோம். முத்துக்கருப்பண்ணன் வீட்டுச் சட்டியின் மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெரியம்மா நிற்கிறார். சட்டிக்குள் விரல் நீளத்துக்குக் குஞ்சு மீன்கள், புளி போட்டு வற்றவைத்தது.

"இதுக்கு இன்னும் மீசையே மொளைக்கல. இத அள்ளிட்டு வந்திருக்கான் பாரு! பழைய வலைய எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒரு தடவைதான் அக்கா..."

"ஒரு தடவ ஒன் சட்டியில இத அவுங்க பாத்தா, அந்த லைசன்ஸ கிழிச்சுப் போட்டுருவாங்க. ஒன் ஒருத்தன் சட்டியால பதினாலு சட்டியும் கவுந்துரும். இந்தா நிக்கிறாளே வாயும் வயிறுமா, இவ எதத் திம்பா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முத்துக்கருப்பண்ணன் பரணிலிருந்து பழைய வலையைத் தானே இறக்கிக்கொண்டு வந்தார். அதை வெட்டி, கோழி கிண்டாமல் எங்கள் கீரைப் பாத்தியைச் சுற்றி வேலி கட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், கை கொஞ்சம் நீளம்.

உண்மையான இன்ஸ்பெக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு லைசன்ஸில் ஒரு லயமே மீன் பிடிக்கிறதென்று டவுனிலிருந்து யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி போல, ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். சிங்களக்காரர், நடுத்தர வயது, மரியாதையாகத்தான் பேசினார். இஸ்தோப்பில் காய்ந்துகொண்டிருந்த வலையின் கண்ணை முதலில் அளந்து பார்த்தார். அதில் குறையில்லை. பிறகு லைசன்ஸ் யாருடையது என்று கேட்டார்.

பெரியம்மா முன்னால் வந்தார். சந்தையிலும் ரோட்டிலும் பழகிய சிங்களம் அவருக்குத் தாராளமாக வரும். ஐயா என்று கூப்பிட 'மாத்தயா' என்பார்.

"வலை போடுற இந்த ஆம்பளைங்க எல்லாம் யாரு?"

"எங்க வீட்டு ஆளுங்க மாத்தயா."

"இத்தனை பேருமா?"

"ஒக்கோம எக்க கெதர," என்றார் பெரியம்மா. எல்லாம் ஒரே வீடு.

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "அம்மே, சட்டத்துல வீடுன்னா கூரை இல்லை. யார் யார் ஒரே சட்டியில ஆக்கிச் சாப்பிடுறாங்களோ அவங்கதான் ஒரு வீடு. இங்க பதினாலு அடுப்பு இருக்கு. நான் லைசன்ஸை ரத்துப் பண்ண வேண்டி வரும்."

எனக்கு அப்போது எட்டாம் மாதம்.

பெரியம்மாவின் முகம் மாறவில்லை. சட்டி என்று ஒருத்தர் வாயெடுத்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியுமா? "வாங்க மாத்தயா, சட்டியப் பாருங்க," என்று இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு பின்னால் போனார்.

முதல் காம்பராவில் பெரியம்மா மூடியைத் தூக்கினார். பருப்பு. இரண்டாவதில் பூசணிக்காய். மூன்றாவது ரீட்டா அக்கா வீடு, அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அங்கே திலாப்பியாக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான்காவதில் கீரை. எங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. அன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறாரே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் நின்றார். "இதோ பாருங்கம்மே. இங்க கீரை, அங்க மீன், அந்தப் பக்கம் பருப்பு. ஒரே சட்டி எங்க?"

"ஏன் மாத்தயா, ஒங்க வீட்டுல கீரையையும் மீனையும் பருப்பையும் ஒரே சட்டியிலயா போட்டு ஆக்குறாங்க?" என்றார் பெரியம்மா. "இது கீரைச் சட்டி. அது மீன் சட்டி. வீடு பெருசு, சட்டியும் அதிகம்."

ரீட்டா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை சிரித்தே விட்டார். ஆனாலும் விடவில்லை, அடுத்த காம்பராவுக்கு நடந்தார். அது எங்களுடையது.

பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா என் சட்டி மூடியைத் தூக்கினார். மீன். நடுத்துண்டு. முதல் நாள் சாயந்தரம் அவர் தந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "வயித்துல இருக்கறதுக்கு வெள்ளி செவ்வாய் தெரியுமா? ஆக்கு," என்று சண்டை போட்டு வைக்கச் சொன்னது.

இன்ஸ்பெக்டர் விளக்கைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "இதுவும் கோயிலுக்குப் போற வீடுதானே? எல்லாருக்கும் கீரை, இவங்களுக்கு மட்டும் ஏன் மீன்?"

"அது இவளுக்கு இல்ல மாத்தயா. உள்ள இருக்குற ஆளுக்கு," என்றார் பெரியம்மா. அப்புறம் தன் விரல்களை மடக்கி, முதல் காம்பராவிலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தார். இன்னாருக்குச் சர்க்கரை, இன்னார் புள்ளைக்கு மூச்சிரைப்பு, இன்னார் ரெண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. "எல்லாச் சட்டியும் எனக்குத் தெரியும். இது ஒரு வீடு இல்லேன்னா வேற எது மாத்தயா வீடு?" என்று முடித்து, எண்ணிக்கையில் கடைசி விரலை என் வயிற்றுப் பக்கம் நீட்டினார். "இதையும் சேத்துத்தான் சொல்றேன்."

அந்தப் பிள்ளையை நானே அதுவரை யாரோடும் சேர்த்து எண்ணியதில்லை. தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் ஒரு துணிகூட வாங்கி வைக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ரீட்டா அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேராகவே பேசினார். ஆபீஸ் இதை ஒரே வீடாக ஏற்காது, ஆனால் விலாசத்தில் நடந்த தப்பு அவர்களுடைய தப்பும்தான். ஒவ்வொரு கதவிலும் நம்பர் எழுதி, கிராமசேவகரிடம் அதை உறுதிப்படுத்தி, பதினான்கு பேரும் திரும்பப் போடுங்கள். லயத்தில் கதவுக்குக் கதவு ஒரு வீடாக எடுக்க வேண்டுமென்று நானும் மேலே சொல்கிறேன். அதுவரைக்கும் இந்த லைசன்ஸ் இருக்கட்டும், வலையை எடுக்க மாட்டேன். அவ்வளவுதான் சொன்னார். நல்லாயிருக்கட்டும் அந்த மனுஷன்.

கதவுகளுக்கு நம்பர் போட்டோம். எங்கள் கதவு ஐந்து. பெரியம்மா கதவுக்குப் போடப் போனபோது, "நல்லாப் பெருசாப் போடு. இந்த வீட்டுக்கும் யாராவது வரட்டும்," என்றார். பிறகு எல்லோருக்கும் லைசன்ஸ் வந்தது. வந்தும் மீன் என்னவோ ரொம்ப நாளைக்கு அவர் இஸ்தோப்பில்தான் இறங்கியது. என் பங்கை முத்துக்கருப்பண்ணனே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

பெரியம்மா இப்போது இல்லை. நாங்களும் வேலை தேடி ஹட்டன் டவுனுக்கு வந்துவிட்டோம். இங்கே எனக்கென்று ஒரு விலாசம் இருக்கிறது, அடுப்படிக் கதவுக்குப் பூட்டும் இருக்கிறது. அவரை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உயிரோடு இருந்தபோது அதை ஒரு தரம்கூட அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால் "அது கெடக்கட்டும், என்னா கறி?" என்றுதான் கேட்டிருப்பார்.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லயமே எங்கள் காம்பராவில் நின்றது. பிள்ளையின் நிறை நல்லாயிருக்கிறதென்று மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருந்தார். பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். வழக்கம்போல உள்ளே போவார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். வீட்டுக்காரர் கிண்டலாக, "பெரியம்மா, சட்டி அந்தப் பக்கம்," என்றார்.

"அதுக்கென்னா அவசரம்," என்று சொல்லிவிட்டுச் சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். இரண்டு விரலால் சேலையை விலக்கினார். குனிந்து, வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சேலையை அப்படியே மூடினார்.

"ம், போதும்," என்றார்.